கழற்றாத மூடி

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் தட்டை வெளியே எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். மனிதத் தோல் செல்களைத் தட்டுத் தட்டாக வளர்த்து, புற ஊதா விளக்கின் அடியில் வைத்து, மறுநாள் செத்தவற்றை எண்ணுவது ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. அந்த ஒளி செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கும். சரிசெய்ய முடிந்தால் செல் பிழைக்கும். முடியாவிட்டால் சுருங்கி, துண்டு துண்டாகித் தன்னையே முடித்துக்கொள்ளும். ஊருக்குக் கேடு வராமல் ஒதுங்கிப்போகிற மானஸ்தன். அடிபட்டும் சாகாமல் பெருகுகிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்தத் தட்டில் எதுவும் சாகவில்லை. ஒளியைத் தடுக்கும் மருந்து எதுவும் பூசாத தட்டு, செத்திருக்க வேண்டும். நேற்று மூடியைக் கழற்ற மறந்திருந்தாள். அந்த பிளாஸ்டிக் மூடி ஒளியை உள்ளே விடாது.

அப்படியானால் போன வாரம்? அந்த ஒளியிலிருந்து தோலைக் காக்கும் புதுக் களிம்பைச் சோதிக்க, அதைப் பூசிய தட்டுகளை விளக்கடியில் வைக்கும்போது வீட்டுக்காரர் போன் செய்து, "சாவிய எங்க வெச்ச?" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே விளக்கைப் போட்டாள். கழற்றிய மூடிகளை எப்போதும் இடப்பக்கம்தான் அடுக்குவாள். அன்று அங்கே மூடிகள் இல்லை, போன்தான் இருந்தது.

மறுநாள் ஒரு செல்லும் சாகவில்லையென்று கூடமே குதித்தது. அந்தக் குஷியில் ஒரு டப்பா களிம்பை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வீட்டுக்காரர் வெல்டர், வெல்டிங் வெளிச்சத்திலும் இதே ஒளிதான். கழுத்தில் துணி கட்டச் சொல்லிப் பதினொரு வருஷம் கரடியாய்க் கத்தியபின் போன மாதம்தான் கட்ட ஆரம்பித்திருந்தார். களிம்பு வந்த அன்றே துணி ஆணிக்குப் போய்விட்டது. "உன் மருந்து இருக்கறப்ப துணி எதுக்கு? என் பொண்டாட்டி விஞ்ஞானியாக்கும்!"

தலைமை ஆய்வாளரிடம் போய் நின்றாள். "மேடம், போன வாரம் எண்ணினது தப்பு. மூடியக் கழட்டல."

"நாளைக்கு நான் எல்லார் முன்னாடியும் இதப் பேசணும்மா."

"அதான் இன்னிக்கே சொல்றேன். இன்னொன்னும் இருக்கு, மேடம்."

டப்பாவைப் பற்றியும் சொன்னாள். மேடம் நாளைய பேச்சுக்கான தாள்களை மூடி வைத்தார். பிறகு, "மொதல்ல அவரப் போய்ப் பாரு" என்றார்.

வீட்டு ஆணியிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். உள்ளே நீல வெளிச்சம் வெட்டியது. அவள் கூப்பிட்டது இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை, அந்த வெளிச்சத்தைப் பார்க்கவும் முடியாது. முதுகைக் காட்டி நின்றாள். எதிர்ச்சுவரில் அவள் நிழல் விட்டுவிட்டு விழுந்தது.

வெளிச்சம் நின்றது. முகமூடியைத் தூக்கியவர் சிரித்தார். "ரெண்டு தரம் தடவியிருக்கேன், பாரு" என்று கழுத்தை நீட்டினார்.

களிம்பு பளபளத்தது. அதனடியில் கழுத்து செக்கச்செவேலென்று கிடந்தது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று எழும்பி, அவர் மூச்சுக்கு ஆடிக்கொண்டிருந்தது.