சிவப்பு டப்

வளவன் சிவப்பு டப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தான். அண்ணன் பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க, வீட்டுப் பின்பக்கம் பாத்திரம் தேடிப் போனவன். டப்பைக் கண்டதும் செல்வநாயகிக்குப் பகீரென்றது.

"தம்பி, அதுல இருந்த மீன்குஞ்சுங்க?"

"பெரிய தொட்டியில ஊத்திட்டேன் அண்ணி. ஒண்ணுகூட சாவல, பதமா எறக்கி வுட்டேன்."

விரால் தன் இனத்தையே தின்கிற மீன். கூடப் பொரித்ததில் ஒன்று சற்றுப் பெருத்துவிட்டால் போதும், மெலிந்ததை விழுங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அவள் புருஷன் கொளஞ்சியப்பன் தினமும் சல்லடையால் சலித்து, பெரியதைத் தொட்டியிலும் பொடிசை டப்பிலும் பிரித்து வைத்திருந்தான். செராமிக் சூளை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவன். முட்டையிட வைக்கத் தாய்மீனுக்கு ஊசி போட்டுப் போட்டு, முட்டையெல்லாம் வெளுத்து வீணாய்ப்போய், இந்த முறைதான் பொரித்தது. பிள்ளையில்லாத வீட்டில் அந்த மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்று விடிந்ததும் சல்லடையும் கையுமாகத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

அவள் எழுந்தாள். கம்மாபுரத்துப் பெரியம்மா தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"எங்கடி போற?"

"இப்பவே பிரிக்கணும் பெரிம்மா. இல்லன்னா எல்லாத்தையும் தின்னுடும்."

"புருஷன் கெடக்குறான், மீனு பேச்சு பேசறியே! ஊரு என்னா சொல்லும்? ஒக்காரு."

ஊருக்கென்ன, அது எப்போதும் எதையாவது சொல்லும். ஆனாலும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

டப்பிலிருந்து மொண்டு கொளஞ்சியப்பன் தலையில் ஊற்றினார்கள். அடியில் ஒட்டியிருந்த ஒரு குஞ்சு அவன் மார்மேல் விழுந்து துடித்தது. யாரோ அதை விரலால் சுண்டிவிட்டார்கள். அப்போதுதான் செல்வநாயகி வாய்விட்டு அழுதாள். நல்லவேளை, அழுதுவிட்டாள் என்று பெண்களுக்கு ஆறுதலாயிற்று.

பொழுது சாய, சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிய பிறகே அவளால் தொட்டிக்குப் போக முடிந்தது. குஞ்சுகள் ஒளியக் கொளஞ்சியப்பன் போட்டிருந்த உடைந்த பீங்கான் குழாய்களில் பொடிசு ஒன்றுகூட இல்லை. வயிறு புடைத்த ஒரு மீன் மேலே வந்தது. அதன் வாயில் இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் வளவன் மழித்த தலையோடு நின்றான்.

"காலையிலேருந்து பட்டினியா கெடக்குதுங்க அண்ணி. எர போடட்டுங்களா?"

அழுது வீங்கிய அவன் முகத்தை அவள் பார்த்தாள்.

"வேணாம் தம்பி. வவுறு ரொம்பித்தான் இருக்குது."

சரியென்று தலையாட்டிவிட்டு, அவன் சிவப்பு டப்பைக் கழுவித் தொட்டிச் சுவரோரம் கவிழ்த்து வைத்தான்.