துல்லபான் மேட்டின் மன்னர்

உலக வரலாறு எழுதிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து பேனாவைக் கீழே வைக்கவும். துல்லபானின் முழு வரலாறு வெளிவந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஃபின்டன் கில்ஹூலி. அயர்லாந்தின் ஒரு மூலையில் இருக்கும் எங்கள் ஊரில் ஏழு வீடு. அதில் ஒன்றில் பூனை மட்டும்தான். அதற்கும் புத்தகத்தில் இடம் உண்டு.

வினை நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. கிரானியா மல்வியின் வயலில் ஒரு மேடு. மேட்டின் தலையில் ஒற்றை முள்மரம். அதனடியில் பழங்கால மன்னர் ஒருவர் துயில்கிறார் என்று எழுதிவிட்டார் வாத்தியார். மன்னர் எங்களுக்குப் புதுசு. மண்ணுக்கடியில் குடியிருக்கும் சின்ன ஆட்கள்தான் அங்கே இருப்பதாகக் கேள்வி. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'அவங்க' என்போம். மேட்டைத் தொட்டவர் பிழைக்கமாட்டார் என்று அதைச் சுற்றிக்கொண்டுதான் போவோம். மற்றபடி நாங்கள் மூடநம்பிக்கை இல்லாதவர்கள்.

கிரானியா இரண்டு பிள்ளைகளோடு மூன்று வருடமாகக் கேரவன் வண்டிக்குள் குடியிருக்கிறாள். அத்தை விட்டுப்போன நிலத்தில் காய்ந்த இடம் அந்த மேடு ஒன்றுதான், மற்றதெல்லாம் சதுப்பு. மன்னர் இருந்தால் அது புராதனச் சின்னம், கவுன்சில் அங்கே வீடு கட்ட விடாது.

தோண்டிப் பார்க்க டப்ளினிலிருந்து தொல்லியல்காரம்மா ஒருவர் வந்தார். குடையும் பிளாஸ்க்குமாக ஊரே கூடிவிட்டது. மேட்டில் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை.

முதலில் கல் வந்தது.

"அரண்மனைச் சுவர்!" என்றார் வாத்தியார்.

அடுத்து, உடைந்த புகைக்குழாய்.

"மன்னருக்குப் புகைப் பழக்கம் உண்டா வாத்தியாரே?" என்று கேட்டான் ஜேசிபி ஓட்டும் மலக்கி.

"வாய மூடுடா. ஆறாம் வகுப்புலயும் நீ இப்படித்தான்."

அதற்கும் அடுத்து வந்தது சைக்கிள் மணி. அந்த அம்மா மண்ணைத் தட்டிவிட்டு அமுக்கினார். கிணிங் என்றது.

"ரதம் வந்துருச்சு, எல்லாரும் வழி விடுங்கப்பா!" என்றான் மலக்கி. வாத்தியார் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடைசியில் 1934 என்று அடியில் பொறித்த தகரக் குவளை.

"தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ரோடு போட்டவங்க கொட்டிட்டுப் போன கல்லும் குப்பையும்தாங்க. மரம் தானா முளைச்சது," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா காரில் ஏறினார்.

வீடு கட்ட அனுமதி வந்தது. கிரானியா அன்றே மலக்கியைப் பிடித்தாள்.

"திங்கக்கிழமை மேட்டை எடுத்துரு."

மலக்கி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான். "எனக்கு முதுகு சரியில்ல."

"தோண்டப்போறது ஜேசிபியா, உன் முதுகா?"

"அதுக்கில்ல..."

"வெறும் ரோட்டுக் குப்பைடா! மணி அடிச்சப்போ நீதானே முதல்ல சிரிச்ச?"

"சிரிச்சேன். ஆனா ஒண்ணு யோசிச்சியா? அதைக் கொண்டுவந்து கொட்டினவங்கள்ல யாராச்சும் இன்னிக்கு உயிரோட இருக்காங்களா?"

"தொண்ணூறு வருஷம் ஆச்சு, மடையா!"

"ஒருத்தன்கூடத் தப்பலையே, கிரானியா."

அக்கம்பக்கத்து ஊர்களின் ஜேசிபி ஓட்டுநர்கள் நால்வரைக் கேட்டாள். ஒருவன் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். மற்ற மூவரின் வண்டியும் அதே வாரத்தில் பழுதாகிவிட்டது. கடைசியில் அவளே மண்வெட்டியோடு போனாள். நாங்கள் ஆறு வீட்டு ஜன்னல்களில் இருந்தோம். மேட்டின் அடியில் வெகுநேரம் நின்றாள். ஒருமுறை மண்வெட்டியை ஓங்கவும் ஓங்கினாள். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். அவளும் துல்லபான்காரிதானே.

வாத்தியாரின் இரண்டாம் பதிப்பில் மன்னர் இல்லை. அந்த இடத்தில் 'சாலைப் பணியாளர்களின் மர்ம மரணங்கள்' என்று இருபது பக்கம் சேர்ந்திருக்கிறது.

கிரானியா வீட்டைச் சதுப்பில் கட்டினாள். சமையலறைக்குள் தண்ணீர் வருகிறது.