எச்சரிக்கையை அணைத்த அண்ணன்

எச்சரிக்கைச் சத்தம் நின்றுவிட்டதாம், அதனால் பிழையும் போய்விட்டதாம். சொல்வது என் அண்ணன், இந்தச் சின்னக் கம்பெனியின் முதலாளி. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் எழுதுவது டிரைவர். கணினியின் அடித்தளத்தில் உட்கார்ந்து டிஸ்க்கோடு பேசும் மென்பொருள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. அதைப் பயன்படுத்த வருகிற வேலை ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும், முடிந்ததும் ஒன்று கழிக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் இடம் வேறொன்றுக்குப் போய்விடும். அண்ணன் எழுதிய பகுதியிலோ, ஓடுகிற டிஸ்க்கைப் பிடுங்கினால் ஒரே வேலை இரண்டு தடவை கழிக்கிறது. எழுதி முடிப்பதற்குள் இடம் பறிபோகும். மருத்துவமனையில் என்றால், ஒரு நோயாளியின் ஸ்கேன் இன்னொருவர் கோப்பில் போய் விழும்.

இந்தக் கூட்டல் கழித்தல் பிசகினால் எச்சரித்துக் கத்துகிற பாதுகாப்பான எண்ணி, அதாவது கவுண்டர், ஒன்றை நான் வைத்திருந்தேன். அது ஒழுங்காகக் கத்தியது. அண்ணன் பிழையைத் திருத்தவில்லை. அந்த எண்ணியைத் தூக்கிவிட்டு, வாயில்லாத சாதாரண எண் ஒன்றை வைத்துவிட்டான். மதியம் இந்த டிரைவர் ஒரு மருத்துவமனைக்குப் போகவேண்டும். நான் ஒப்புதல் கொடுத்தால்தான் போகும்.

"ஓடுற டிஸ்க்கை எவன் பிடுங்கப் போறான்? ஒப்புதல் கொடு."

"மாட்டேன்."

"இந்த ஆர்டர் போச்சுன்னா கம்பெனியை இழுத்து மூடணும், தெரியும்ல?"

"மூடு. பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீ தங்கச்சியா, எதிரியா? ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்றேன்ல!"

அவன் மேசையில் சின்ன டிஸ்க் ஒன்று இருந்தது. அப்பா சாகும் முன் எங்களிடம் பேசிய வீடியோ அதில்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு சோதனைக் கணினிப் பக்கம் நடந்தேன்.

"என்ன பண்ற?"

"இதை நம்ம டிரைவர்ல மாட்டி, எழுதிக்கிட்டிருக்கும்போதே பிடுங்கிக் காட்டுறேன். ஒண்ணும் ஆகாதுன்னு நீதானே சொன்ன?"

"விளையாடாத!"

கேபிளைச் செருகப் போனேன். பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டான்.

"அதுல அப்பா இருக்காருடி! வேற காப்பி இல்லடி!"

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவங்களும் யாருக்கோ அப்பாதாண்ணா" என்றேன்.

டிஸ்க்கை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான்.

"மருத்துவமனைக்கு ஃபோன் போடு. இன்னிக்கு வராதுன்னு சொல்லு" என்றான் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீயே போடு" என்றேன்.