மாமனார் எடுத்துக்கொண்டது

மேட்டூர் அணை கட்டி முடிந்த வருஷம். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த செங்கோடனின் வீட்டு உள்ளறைக்குள் ஆள் நுழைய முடியாது. செத்துப்போன அவன் அப்பன் மாதையன் அங்கேதான் குடியிருந்தார். உடம்பாக அல்ல, ஓட்டை உடைசலாக. மூன்றுகால் கட்டில், துணியில்லாத குடை, கிணற்றில் தண்ணீர் இறைத்த கிழிந்த தோல் சால், கண்ணாடியில்லாத அரிக்கேன் விளக்கு, எந்த மாட்டின் கழுத்தில் கிடந்ததென்று தெரியாத கயிறுகள்.

மகள் பெரியநாயகி தலைப்பிரசவத்துக்கு வரவேண்டும். படுக்க இடமில்லை. "எடமில்லீன்னா சொல்லிப்போடுங்க, எங்க ஊட்டுலயே பெத்துக்கட்டும்" என்று சம்பந்தியம்மாள் சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். செங்கோடனின் பெண்டாட்டி பழனியம்மாள் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அவள் பேசாமலிருந்தால் செங்கோடனுக்குச் சோறு இறங்காது. கடைசியில் அவனே ஆரம்பித்தான்.

"ஏம்புள்ள, அதெல்லாம் எங்கய்யன் ஆண்டது. தூக்கிப்போட்டா அவரு மனசு என்ன பாடுபடும்?"

"அந்தக் கட்டில்ல இருந்து உருண்டு உழுந்துதானுங்க கடைசிவரைக்கும் நொண்டுனாரு. அப்ப அவரு மனசு என்ன பாடுபட்டுது?"

செங்கோடன் ஒரு வழி கண்டுபிடித்தான். "செரி. அமாவாசையன்னிக்கு எல்லாத்தையும் வாசல்ல போட்டுட்டு, காக்காய்க்குச் சோறு வெப்போம். எடுத்துதுன்னா அய்யன் சம்மதம். எடுக்கலீன்னா அத்தனையும் உள்ள போயிரோணும்."

போன அமாவாசைக்குக் காகம் பொழுது சாயும்வரை சோற்றைத் தொடவில்லை; வீடே பட்டினி கிடந்தது. அதை நம்பி மகளின் பிரசவத்தை விட்டுவிடப் பழனியம்மாள் தயாராக இல்லை. மறுநாளிலிருந்து, புருஷன் கொடிக்காலுக்குப் போனதும், கூரை விளிம்பில் ஒரு துண்டு கருவாடு வைத்தாள். ஒற்றைக்கால் ஊனமான காகம் ஒன்று நேரம் தவறாமல் வரத் தொடங்கியது.

அமாவாசை வந்தது. சோற்றுருண்டையின் நடுவில் கருவாட்டைப் பொதிந்து வைத்தாள். பாவம்தான். ஆனால் மாமனாரும் அமாவாசை பார்த்துக் கருவாட்டை ஒதுக்கிய மனிதரல்ல.

செங்கோடன் "கா" என்று வாயெடுப்பதற்குள் காகம் இறங்கிவிட்டது.

"அய்யன் மாதிரியே நொண்டுது புள்ள!" அவன் கைகூப்பினான்.

உருண்டையைத் தின்று முடித்த காகம் பறந்துபோகவில்லை. தத்தித் தத்தி வாசலில் கிடந்த குவியல்மேல் ஏறியது. அங்கே கிடந்த சுண்ணாம்பு டப்பியின் பித்தளை மூடியைக் கவ்விக்கொண்டு கூரை உச்சியில் போய் உட்கார்ந்தது.

செங்கோடன் கூரையைக் காட்டிக் கத்தினான். "பாத்தியா! குடுக்க மாட்டேங்கறாரு! எல்லாத்தையும் உள்ள தூக்கு."

பழனியம்மாள் கூரையைப் பார்த்தாள். சாமான்களைப் பார்த்தாள். காகம்கூடத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது போலிருந்தது.

"ஆமாங்க," என்றாள் மெதுவாக. "அவருக்கு வேணுங்கறத அவரே வந்து எடுத்துக்கிட்டாரு. அவருக்கே வேண்டாத மிச்சம் நமக்கு எதுக்குங்க?"

செங்கோடன் கூரையைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு குனிந்து, அந்தக் குடையை முதல் ஆளாகத் தூக்கிக் குப்பைமேட்டுக்கு நடந்தான்.

பெரியநாயகி வந்தாள். கழுவி மெழுகிய உள்ளறையில் நீட்டிப் படுத்து, ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள்.

காகம் மட்டும் போகவில்லை. மதியமானால் கூரையில் உட்கார்ந்து, கருவாடு வரும்வரை கத்தித் தீர்த்தது.

"தெனமும் வாராரு பாரு, கொள்ளுப்பேத்திய உட்டுட்டு இருக்க முடியல," என்று செங்கோடன் கண் கலங்கினான்.

பழனியம்மாள் கருவாட்டுச் சட்டியைத் திறந்தாள். ஓட்டை உடைசலை ஒழித்தாகிவிட்டது. மாமனார்தான் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.