டீயோடு ஒரு மாத்திரை

அக்காவின் முகம் வெளுத்துப்போனதை முதலில் கவனித்தவன் அவன்தான். பார்த்ததும் அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

மனைவி கர்ப்பமாக இருந்தபோது உதவிக்கென்று வந்தவள் அக்கா. பிரசவத்தோடு மனைவி போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கிவிட்டாள்.

மனைவிக்குத் தினமும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு நீட்டியதும் அவள்தான்.

"டீயோட போடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க அண்ணி. எலுமிச்சை ஜூஸ்தான் நல்லதாம்."

"ரெண்டு பெத்தவ நான். எனக்கே பாடமா? மகாராணிக்கு ஜூஸ் பிழியவா நான் வந்தேன்? வாயைத் திற."

கடைசிவரை உடம்பில் ரத்தம் ஏறவில்லை. இருந்த கொஞ்சமும் பிரசவத்தில் போனது.

இப்போது அக்காவுக்குத் தலைசுற்றல். டாக்டர் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை அவனே அடுப்படிக்குப் போனான். தூளை அள்ளிப் போட்டு, திக்காக டீ போட்டான்.

"என் புருஷன்கூட எனக்கு இப்படிப் போட்டுத் தந்ததில்லடா."

"குடிக்கா. ஆறிடும்."

தினமும் சொட்டு விடாமல் குடித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் இன்னும் குறைந்திருந்தது. டாக்டர் நிமிர்ந்தார்.

"மாத்திரை போடுறீங்களாம்மா, இல்ல தூக்கிப் போடுறீங்களா?"

"ஐயோ, தவறாம போடுறேன் டாக்டர். தம்பியே டீயோட கொண்டாந்து குடுத்துடுவான்."

"டீயோடயா? அப்புறம் சத்து எப்படி உடம்புல சேரும்? ஜூஸோட போடுங்க. டீயை ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க. ஈரல், பருப்புன்னு நல்லா சாப்பிடுங்க."

அக்கா மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"உனக்கும்தான் அவ சொன்னாளேக்கா."

மறுநாள் காலை அவன் எலுமிச்சம்பழம் பிழிந்து, மாத்திரையோடு கொண்டுபோய் வைத்தான். அவள் டம்ளரைத் தள்ளினாள்.

"எனக்கு டீயே குடுடா. நான் அதுக்குத்தான் லாயக்கு."

மடியில் குழந்தை சிணுங்கியது. அவன் டம்ளரை எடுத்து அவள் கையில் திணித்தான்.

"அவ்வளவு சுலபமாவா விட்டுடுவேன்? நீ நல்லா இருக்கணும்கா. ரொம்ப வருஷம் இருக்கணும். தினமும் காலையில இந்த ஜூஸைப் பாக்கணும். குடி."

அவள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றான்.