மெதுவாத் தள்ளு

சிதம்பரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ராணியம்மாள் பரணிலிருந்து ஒரு அண்டாவோடு கீழே விழுந்தார். அண்டாவில் விழுந்த ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தி விற்றுவிட்டார்கள். ராணியம்மாளுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அதைத் தட்டி நிமிர்த்த ஆள் கிடைக்கவில்லை. வாய் மட்டும் புதுச் சரக்கு மாதிரி இருந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு அறக்கட்டளையின் செலவில் கடலூரிலிருந்து ஒரு பெண் வந்து போனாள். திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக சாயங்காலம் ஆறு மணிக்கே அவரைக் கட்டிலில் போட்டுவிடுவாள். கடையில் கூட்டம் சேர்வதே ஆறு மணிக்குத்தான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தம்பி செம்பியன், கேட்ட விலைக்கெல்லாம் குக்கரைத் தூக்கிக் கொடுப்பதைப் படுத்தபடியே காதால் கேட்டு வயிறு எரிவார்.

இப்போது அறக்கட்டளை, ஆள் அனுப்பும் நிறுவனத்தை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்றது. கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிறுவனங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தன. காசு அறக்கட்டளையுடையது என்பதால், பேரம் பேச மிச்சமிருந்தது வேலை நேரம் ஒன்றுதான்.

"ராத்திரி ஒம்பது வரைக்கும் நான் கடையில உக்காரணும். அதுக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதான். நான் போலாம்னா நீ தள்ளு" என்று தன் சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த தம்பியிடம் சொல்லி வைத்தார்.

முதல் மேசைக்காரர் செம்பியனைப் பார்த்து, "அம்மா என்ன சாப்புடுவாங்க?" என்றார்.

"அம்மாவையே கேளுங்க, வாய் இங்கதான் இருக்கு. ஒம்பது மணி வரைக்கும் ஆள் தருவீங்களா?" என்றார் ராணியம்மாள்.

"ஆறரைக்கு மேல இல்லம்மா."

"போலாம் தம்பி."

கடைவீதியில் 'போலாம்' என்றால் போவது என்று அர்த்தமில்லை. மெதுவாகத் திரும்ப வேண்டும். செருப்பைத் தேட வேண்டும். படியில் ஒரு கால் வைக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும். செம்பியனோ ஆம்புலன்ஸ் மாதிரி தள்ளினான். "அம்மா, ஏழரைன்னா..." என்ற குரல் எட்டியபோது, இருவரும் பந்திக்கூடத்தைத் தாண்டிக் கை கழுவும் இடத்தில் இருந்தார்கள்.

"ஏன்டா, வந்த யாவாரத்த வெரட்டுற?"

"நீதானக்கா போலாம்னே?"

"வாங்க வந்தவ இப்படியா ஓடுவா? பொடவையத் திருடினவதான்டா ஓடுவா!"

அடுத்த மேசை தேவசகாயத்துடையது. தன் பணியாளர்களில் மோகனப்பிரியா என்ற பெண்ணை மாதிரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

"ஏழு மணி தரேம்மா. அதுக்கு மேல ஊருல எவனும் தரமாட்டான்."

"போலாம்" என்றார் ராணியம்மாள்.

வாங்கிய திட்டில் பயந்துபோன செம்பியன் கைப்பிடியைத் தொடவே இல்லை. போலாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே இருப்பதைவிடப் பேரத்தில் பெரிய அவமானம் கிடையாது. ராணியம்மாளின் முகம் சிவந்தது.

மோகனப்பிரியா வந்து நாற்காலியைப் பிடித்தாள். உடனே தள்ளவில்லை. அவர் பாதத்தைப் பலகையில் சரியாக வைத்தாள். முந்தானையைச் சொருகினாள். பிறகு, எறும்பு முந்திப்போகிற வேகத்தில் தள்ளினாள்.

"ஏழரை!" என்றார் தேவசகாயம். நாற்காலி நிற்கவில்லை.

"நீ அவரோட ஆளுதானடி?" என்று ராணியம்மாள் கிசுகிசுத்தார்.

"ஆமாம்மா. ஆனா எங்கம்மா துறைமுகத்துல மீன் விக்கிறவங்க. நான் குடியிருக்கிறது சிதம்பரத்துல, எனக்கு ஏழும் ஒம்பதும் ஒண்ணுதான். இவருதான் எல்லாரையும் வெளிச்சம் இருக்கவே படுக்கப் போடச் சொல்றாரு."

"எட்டு!"

"நிறுத்தட்டுமாம்மா?"

"ஜாஸ்தி அவசரப்படாத. மெதுவாத் தள்ளு."

முன்சக்கரம் வாசற்படியைத் தொட்டது.

"ஒம்பதே வச்சிக்கிங்கம்மா, திரும்பி வாங்க!"

"ஆளு யாரு?"

"யாரு வேணும்?"

"தள்ளுறாளே, இவதான்."

அந்த வாரமே ராணியம்மாள் கடையில் உட்கார்ந்தார். ஒருத்தி இட்லிப் பானைக்கு அடிமாட்டு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது மணி ஒன்பது அடித்தது.

"அம்மா, படுக்கலாம்."

"இன்னும் ஒரு மணி நேரம்டி."

"பத்து நிமிஷம்."

"முக்கால் மணி!"

"அப்ப நான் போறேன்மா" என்று மோகனப்பிரியா பையை எடுத்தாள். நிதானமாகச் செருப்பைத் தேடினாள். படியில் ஒரு கால் வைத்தாள்.

"அடியே, கால் மணி நேரம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மோகனப்பிரியா திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டினாள்.