தனபாலன் இருந்த கண்

நிச்சயதார்த்தத்தன்று காலை என் கொழுந்தன் தனபாலன் என் வலது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். நான் கண்ணாடி முன்னால் நின்று மை தீட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணி, கொஞ்சம் அகலமாத் திறங்க" என்றான். திறந்தேன்.

அவன் பிடித்தது நல்ல இடம்தான். விழித்திரை முழுக்க வெளிச்சத்தை வாங்கும் செல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. பார்வை நரம்பு மூளைக்குக் கிளம்பும் வாசலில் மட்டும் ஒரு செல்லும் கிடையாது. குருட்டுப் புள்ளி என்பார்கள். அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. பிறர் பார்த்தால் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தவிக்கிறவனுக்கு அதைவிடத் தோதான இடம் உடுமலையில் இல்லை. அன்று அவனைப் பார்க்க மண்டபம் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

மாமியார் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "வெளிய வாடா" என்று கத்தினார். அவன் வரவில்லை. பெண் வீட்டார் ஒரு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவனுக்குச் சாப்பாடு போடுவது சிரமமாக இல்லை. இட்லித் தட்டை நான் உற்றுப் பார்த்தால் போதும், உள்ளே விழுந்துவிடும். தலைகீழாகத்தான் விழும். சட்னி மேலிருந்து சொட்டுகிறது என்றான். நான் கவனமில்லாமல் பார்த்தால் இட்லி குழைந்துபோகிறது என்றும் குறைப்பட்டான். வெயிலில் நின்றால் கண்மணி சுருங்கி அவன் அறை இருட்டிவிடும் என்பதால் குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஆறாம் நாள் பெண்ணே தனியாக வந்தாள். பெயர் ரேணுகா. கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் வேலை. பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து என் கண்ணுக்குள் அடித்தாள்.

"உள்ளே இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றான் தனபாலன். "லைட்டை மட்டும் அணைச்சிருங்க."

அணைத்தாள். "என்னைப் பிடிக்கலீங்களா?"

"ஐயோ, அதில்லீங்க. நீங்க தெருவில வர்றதை இங்கிருந்தே பார்த்தேன். தலைகீழாத்தான் வந்தீங்க. அப்பவும் அழகாத்தான் இருந்தீங்க."

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கண் எரிந்தது, இமைக்கவில்லை.

"அத்தனை பேர் பார்ப்பாங்களேன்னுதான் வந்துட்டேன்" என்றான்.

ரேணுகா டார்ச்சைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "தினம் எண்பது பேர் கண்ணுக்குள்ள பார்க்கறேன். அத்தனை பேரும் எனக்குப் பின்னால சுவத்துல இருக்கற எழுத்தைத்தான் பார்க்கறாங்க. ஒருத்தராவது என்னைப் பார்க்கணும்னு எனக்கு ஆசைங்க."

உள்ளே அவன் எழுந்து நிற்பது என் கண்ணில் உறுத்தியது.

"வந்தர்றேன்" என்றான். "ஆனா வாசல் சின்னதா இருக்கு. வர்றப்ப எப்படி நுழைஞ்சேன்னே தெரியலை."

அவளிடம் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இருந்தது. இரண்டு சொட்டு விட்டாள், பழக்கதோஷத்தில் மற்றக் கண்ணிலும் விட்டாள். அரை மணி நேரம் காத்திருந்தோம். தனபாலன் லென்ஸைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான். சட்டை கசங்கியிருந்தது. அன்று மாலைவரை எனக்கு எல்லாமே மங்கல். அவர்கள் முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பேச்சுச் சத்தம் அதிகம் கேட்கவில்லை.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. ஏற்பாடெல்லாம் ரேணுகாதான். மண்டபத்தில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டிருந்தார்கள். வந்த நாங்களெல்லாம் கண்களைக் கழற்றி ஈரத்துணி விரித்த தட்டில் வைத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி உள்ளே போனோம். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் கழற்றவில்லை. தாலி கட்டியபோது தனபாலன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று ரேணுகா பிறகு சொன்னாள். சாம்பார் நன்றாக இருந்தது.

திரும்பும்போது கூட்டம். டோக்கனைச் சரியாகப் பார்க்க யாருக்கும் கண் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என்னுடைய இடது கண் மாமியாருடையது. அதில் பார்த்தால் சமையலறை எப்போதும் கூட்டாத மாதிரியே இருக்கிறது. கேட்டதற்கு, என் கண் அவருக்குச் சௌகரியமாக இருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதுவரை கூட்டிக்கொண்டிருக்கிறேன்.